அடியில் இருந்த நீலம்

ஆயுத பூஜைக்கு என் எலெக்ட்ரிக் கிதாருக்கும் ஐந்து சந்தனப் பொட்டு உண்டு. மணிக்கட்டு வலியால் வாசிப்பை நிறுத்திய பிறகு, பதினோரு வருஷமாகப் பெட்டியின் மேலேயே பொட்டு வைத்துவந்தேன். இந்த முறை பெட்டியைத் திறந்தேன். உள்ளே பச்சைக் கிதார் இருந்தது. என்னுடையது நீலம்.

ஆனால் ஆறு தந்திகளில் ஐந்துதான் இருந்தன. முதல் தந்தியை அறுத்தவன் நான். அப்படியானால் கிதார் என்னுடையதுதான்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எப்பவும் பச்சதான? நம்ம கல்யாணத்தன்னைக்கு நீங்க மேடையில வாசிக்கையில, என் சேலைக் கலர்லயே வாங்கிருக்காருன்னு எங்க அக்காமாரு கேலி பண்ணலியா? வியாழக்கிழமை டாக்டர்ட்ட இதையும் சொல்லணும்."

அவர் திருநெல்வேலி நரம்பு டாக்டர். நான் இரண்டு தடவை அடுப்பை அணைக்க மறந்தேன், மூன்று தடவை சாவியைத் தொலைத்தேன். இப்போது நிறமும் சேர்ந்துகொண்டது. பழைய கச்சேரிப் படங்களைத் தேடி எடுத்தேன். நான்கும் கறுப்பு வெள்ளை.

ஒருவன்மேல்தான் சந்தேகம். எங்கள் குழுவில் டிரம் வாசித்தவன், இன்று குற்றாலத்தில் வேன்களுக்குப் பெயின்ட் அடிக்கிறான். என் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பத்தொன்பது நாள் கிதார் அவனிடம் இருந்தது. தென்காசியில் பஸ் ஏறி, பெட்டியோடு அவன் ஷெட்டில் போய் நின்றேன்.

"இதுக்கு நீ பச்சை அடிச்சியாலே?"

"ஏலே, வர்ற வேனுக்கே ஆளு கிடைக்காம முழிக்குதேன். உன் கட்டைக்குத் தேடி வந்து அடிக்குதேனாக்கும்! இங்கன வை."

தந்திகளைத் தளர்த்தி, அவற்றின் கீழே இருந்த வெள்ளைத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றினான். நான் உள்ளங்கையில் வாங்கி எண்ணினேன், பதினொன்று. தகட்டைத் தூக்கினான். அடியில் வெள்ளிப்பொடி மின்னும் நீலம், புதிதாக அடித்ததுபோல.

"கலர் மேல கண்ணாடி மாதிரி ஒரு வார்னிஷ் அடிப்பாங்க. நீ வாசிச்ச காலத்துலயே வெளிச்சம் பட்டுப் பட்டு அது கொஞ்சங்கொஞ்சமா மஞ்சளாயிட்டு. நீலத்து மேல மஞ்ச இருந்தா பச்சயாத்தான தெரியும்? தகட்டுக்கு அடியில வெளிச்சம் போகல, தப்பிச்சுட்டு."

"எத்தனை வருஷத்துல மாறும்?"

"அது என்ன பொங்கலா, தேதி சொல்லிட்டு வாரதுக்கு?"

என் ஞாபகம் பிசகவில்லை. அந்த நிம்மதி பஸ்ஸில் ஏழாவது நிறுத்தம்வரை இருந்தது. கல்யாணத்துக்கு ஏழு வருஷம் முன்னால்தான் கிதாரைப் புதிதாக வாங்கினேன். ஏழு வருஷத்தில் பச்சையாகுமா? ஆகாது என்றால் அவளுக்குத்தான் பிசகியிருக்கிறது. காலையில் நான்கு, இரவில் மூன்று என்று என் மாத்திரைகளை எடுத்துத் தருபவள் அவள்.

தகட்டை மாட்டாமலே வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

"பச்சைக் கிதாருக்கு அடியில எதுக்கு நீலத்த அடிச்சு வச்சிருக்காங்க?"

வியாழக்கிழமைக்கு ஒரு டோக்கன்தான் போட்டிருக்கிறோம். இன்னொன்று கேட்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.