நாடு: அந்தமான்

அந்தமானின் வடகோடியில் இருக்கும் திக்லிபூருக்குக் கப்பலா, பஸ்ஸா என்று சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். நான் முதன்முதலில் அங்கே போனது எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு நல்ல செய்தியைச் சொல்ல.

அப்போது நான் தீவின் தலைநகரில், ஹேடோ துறைமுகத்தில் கிளார்க். பக்கத்தில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் வாடகை வீடு. நண்பன் காசிமுக்குத் திக்லிபூரில் மளிகைக் கடை. காடு வெட்டி நெல் போட்ட குடியேறிகளைப் பற்றி, இரவல் கேமராவில் பதினான்கு நிமிடப் படம் எடுத்திருந்தான். மெயின்லேண்டில், அதாவது கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியப் பெருநிலத்தில், ஒரு திரைப்பட விழா. ஆசியாவின் புதிய இயக்குநர்களுக்கு விருதும், அடுத்த படம் எடுக்க உதவியும் உண்டு. இங்கிலீஷ் தெரிந்தவன் என்று படிவத்தை நிரப்பி, படப்பெட்டியைக் கட்டி அனுப்பியது நான்தான். விருது கிடைத்ததாகத் தந்தி என் ஆபீசுக்கு வந்தது. மறுநாளே லீவு போட்டேன்.

காலை ஆறு மணிக்குக் கப்பல். டெக் டிக்கெட் எட்டு ரூபாய். ரங்கத், மாயாபந்தர் என்று நின்று நின்று, மறுநாள் பத்து மணிக்கு ஏரியல் பே. டெக்கில் போகிறவர்கள் தார்ப்பாய் எடுத்துப் போங்கள், அங்கே மழை சொல்லிக்கொண்டு வராது. அங்கிருந்து திக்லிபூர் ஒன்பது கிலோமீட்டர், ஜீப்பில் முக்கால் மணி. என் ஓட்டைவாய் சும்மா இருக்குமா? டிரைவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வழியில் ஏறியவர்களுக்கெல்லாம் அவர் இந்தியில் பரப்பிக்கொண்டே வந்தார்.

செய்தியைக் கேட்டதும் காசிம் பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். நாலு மணிக்குத் தபால்காரர் வந்தார். நான் வந்த கப்பலிலேயே விழாக்காரர்களின் கடிதமும் வந்திருக்கிறது. நான்தான் படித்துத் தமிழில் சொன்னேன். அந்தமான் நாட்டின் முதல் படத்தை வரவேற்கிறார்களாம். அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டின் நகலை அனுப்பினால் இந்திய விசாவுக்கு ஏற்பாடு செய்வார்களாம்.

தப்பு என்னுடையது. எங்கள் ஆபீஸ் படிவங்களில் இரண்டே கட்டம்: தீவு, மெயின்லேண்ட். அந்தக் கைப்பழக்கத்தில் ‘நாடு’ என்ற இடத்திலும் ‘அந்தமான்’ என்று எழுதித் தொலைத்திருக்கிறேன். நாட்டுக்கு ஒரு படம்தான் என்பது விதி. இந்தியாவின் சார்பில் வேறு படத்தைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது என்றும் கடிதத்தில் இருந்தது. உண்மையைச் சொன்னால் விருது போய்விடும். பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று எழுதலாமா என்றுகூடக் கேட்டேன். வெட்கக்கேடு.

காசிம் கோபப்படவில்லை. அவனுக்கு வேறு சந்தேகம்.

“படம் ஆரம்பிக்கிறதே ஸ்கூல்ல ஜண்டா ஏத்துறதுலதானேண்ணே. அதப் பாத்துட்டுமா விசா கேக்குறாங்க?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கறுப்பு வெள்ளையில் கொடி தெரிந்திருக்காது என்று மழுப்பினேன்.

“சக்கரம் தெரியுமேண்ணே.” கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டினான். “உள்ளத எழுதிப்போடுங்க. அவார்டு போனா போவட்டும். படத்தப் பாத்திருந்தாங்கன்னா போதும் எனக்கு.”

எழுதிப்போட்டுவிட்டு அடுத்த கப்பலில் திரும்பினேன். இப்போது போகிறவர்கள் பஸ்ஸிலேயே போகலாம், விடியற்காலையில் ஏறினால் பன்னிரண்டு மணி நேரம். கடல் ஒத்துக்கொள்ளும் என்றால் கப்பல்தான் என் கட்சி. திரும்பும் டிக்கெட்டை மட்டும் இறங்கிய அன்றே சொல்லிவையுங்கள்.

மூன்று மாதம் கழித்துப் படப்பெட்டி ஹேடோவில் வந்து இறங்கியது. விருது ரத்து என்ற கடிதத்தில், நடுவர்கள் படத்தை மிகவும் ரசித்ததாகக் கடைசி வரி. பெட்டியைச் சுற்றி அன்று நான் ஒட்டிய பிளாஸ்திரி, அதன் குறுக்கே என் கையெழுத்து. ஒரு முனைகூடப் பிரியவில்லை. கோடவுனில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெட்டியைத் திறக்காமலே விருதும் கொடுத்து, ரசிக்கவும் செய்திருக்கிறார்கள்.

பிளேடு வாங்கிப் பிளாஸ்திரியைக் கிழித்தேன். ரீலைக் கொஞ்சம் பிரித்து, கோணலாகச் சுற்றி, திக்லிபூர் கப்பலில் அனுப்பிவைத்தேன்.

பத்து நாளில் காசிமின் கார்டு வந்தது: “பாத்திருக்காங்கண்ணே.”