எங்கேயோ படித்தது போல

செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் ஷோபனாவின் ஜெராக்ஸ் கடை வரும். பட்டா நகல், வேலைக்கு விண்ணப்பம், கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு டிக்கெட் பிரிண்ட் என்று பகலெல்லாம் ஆட்கள் வந்து போவார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் இந்த முப்பத்தாறு வயதுப் பெண் இருபதாயிரம் பேர் பின்தொடரும் எழுத்தாளர் என்பது தெரியாது.

எழுத ஆரம்பித்தது கொரோனா ஊரடங்கில். கடை மூடிக் கிடந்தது. கணவன் சேரன் வேலை பார்த்த ரைஸ் மில்லும் மூடிக் கிடந்தது. தொண்டூரில் பிறந்து வளர்ந்த ஷோபனாவுக்குக் கதை சொல்ல யாரும் கற்றுத் தரவில்லை. போனில் ஒரு கதைச் செயலியை இறக்கி நாலு தொடர்களைப் படித்தாள். இதை நாமும் எழுதலாமே என்று தோன்றியது, எழுதினாள். முதல் கதையைப் பதினோரு பேர் படித்தார்கள்.

அதன்பிறகு அவள் கற்றுக்கொண்டதெல்லாம் பட்டுக் கற்றுக்கொண்டது. அத்தியாயத்தை மாலை ஆறு மணிக்குள் ஏற்றிவிட வேண்டும். ஏழு மணிக்கு மேல் பெண்கள் டிவிக்குப் போய்விடுவார்கள். அட்டைப்படத்தில் பெண்ணின் முகம் முழுசாகத் தெரியக் கூடாது. கருத்து எழுதுகிற ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிப் பதில் எழுத வேண்டும். ஒருமுறை செயலிக்காரர்கள் விதியை மாற்ற, ஒரே வாரத்தில் வாசகர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அப்போது ஷோபனாவுக்கு ஒன்று புரிந்தது. அடுத்தவன் வீட்டு வாசலில் கடை போட்டிருக்கிறோம், அவன் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகச் சொல்வான். அன்றே வாட்ஸ்அப்பில் தன் வாசகர்களுக்கென்று ஒரு குழு ஆரம்பித்தாள். மின்நூல்களைத் தானே வெளியிட்டாள். மத்தியானம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தன் கதைகளைத் தானே வாசித்துப் பதிவு செய்தாள். பஸ் ஹாரன் சத்தத்தோடு வந்த அந்த ஒலிக்கதைகள்தான் அவளுக்கு அதிகம் பேரைக் கொண்டுவந்தன.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் மீனம்பாள் கடைக்கு வந்தாள்.

மீனம்பாளுக்கு நாற்பத்தெட்டு வயது. சிங்கவரம் கிளைத் தபால் நிலையத்தை நடத்துகிறவள். ஊரில் எல்லோரும் போஸ்ட்மாஸ்டரம்மா என்பார்கள். கணவன் கன்னியப்பன் கொத்தனார். ஒரு பையில் சுருட்டிய தாள்களோடு வந்தவள், கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றிருந்தாள்.

"ஏம்மா, நீதான ஆறு மணிக்குக் கதை போடுற ஷோபனா? குரல வச்சிக் கண்டுபுடிச்சேன்."

ஷோபனாவுக்குச் சிரிப்பு வந்தது. "ஆமாக்கா. இன்னா வேணும்?"

"நானும் ஒண்ணு எழுதி வச்சிருக்குறேன். அத எப்டி ஏத்துறதுன்னு தெரியல. ஆபீஸ் வேலையெல்லாம் போன்லயே செஞ்சிடுவேன். இது மட்டும் பிடிபட மாட்டேங்குது."

ஷோபனா சொல்லிக் கொடுத்தாள், மனசோடுதான். கணக்குத் தொடங்குவது, அத்தியாயம் பிரிப்பது, அட்டைப்படம் போடுவது எல்லாம். தாள்களைப் படித்துப் பார்த்துவிட்டு, முடிவு கொஞ்சம் இழுக்கிறது என்று ஒரு யோசனையும் சொன்னாள். மீனம்பாள் கவனமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போனாள்.

அந்தக் கதை ஒரு காலனித் தெருவில் நடந்தது. முப்பது வருஷம் கழித்து ஊர் திரும்பும் ஒரு பெண், தன்னைப் படிக்க அனுப்பிய அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்க வருகிறாள், அவ்வளவுதான் கதை. ஆனால் ஷோபனா மூன்றாவது அத்தியாயத்தைப் படித்தபோது கடையில் ஆள் நிற்பதையே மறந்தாள். நாம் ஆறு வருஷமாக எழுதுகிறோம், இப்படி ஒரு பக்கம் எழுதியிருக்கிறோமா?

இரண்டு மாதத்தில் மீனம்பாளின் பெயர் பரவியது. அட்டைப்படம் சுமார்தான், நேரம் தவறி ஏற்றுவாள், கருத்துகளுக்கு "நன்றிங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை எழுத மாட்டாள். ஷோபனா கற்றுக்கொண்ட ஒரு விதியையும் அவள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை. அப்படியும் படித்தார்கள். ஷோபனாவின் குழுவிலேயே ஒரு வாசகி, "அக்கா, சிங்கவரம் மீனம்பாள் கதை படிச்சீங்களா? அழுதுட்டேன்," என்று எழுதினாள். கீழே நாற்பது பேர் ஆமாம் போட்டார்கள். அந்த மாதம் செயலியின் முதல் பக்கத்தில் ஷோபனாவின் தொடர் இருந்த இடத்துக்கு மீனம்பாளின் கதை வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். கடையில் யாரும் இல்லை. தன் கதைகள் வாசகர்களுக்கு எப்படித் தெரிகின்றன என்று பார்ப்பதற்காக 'வாசகி' என்ற பெயரில் எப்போதோ ஒரு கணக்கு வைத்திருந்தாள் ஷோபனா. அதைத் திறந்தாள். மீனம்பாளின் கதைக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தாள். கீழே ஒரு வரி எழுதினாள்.

'நல்ல கதைதான். ஆனால் இதை எங்கேயோ படித்தது போல இருக்கிறதே?'

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வந்தவருக்கு ரேஷன் கார்டு நகல் எடுத்துக் கொடுத்தாள். பொய்யாக எதையும் எழுதவில்லை, கேள்விதானே கேட்டோம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் பார்த்தபோது அந்த வரிக்குக் கீழே பதினேழு பதில்கள். 'எனக்கும் அப்படித்தான் தோன்றியது.' 'பழைய வாரப் பத்திரிகையில் வந்ததோ?' எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒன்று: 'இவர்கள் பின்னணிக்கு இந்தத் தமிழ் எப்படி வரும்? யோசித்தாலே தெரியவில்லையா?' அதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிக விருப்பக்குறிகள்.

ஷோபனா அதை இரண்டாவது முறை படித்தாள். அந்தப் 'பின்னணி' என்ற வார்த்தைக்கு அர்த்தம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. தன் ஒற்றை வரியை இத்தனை பேர் ஏன் உடனே நம்பினார்கள் என்பதும் தெரிந்தது. சேரன் கேட்டதற்குத் தலைவலி என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாள்.

வாரக் கடைசியில் செயலிக்காரர்கள் கதையை நிறுத்தி வைத்தார்கள். சொந்தப் படைப்பு என்பதற்கு ஆதாரம் அனுப்பும்படி கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலை, கடை திறந்த கையோடு மீனம்பாள் வந்து நின்றாள். கையில் பெரிய பை.

"எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணும்மா. நான் கையால எழுதுன தாளு. இத்த அனுப்புனா நம்புவாங்க இல்ல?"

தபால் துறையின் பழைய படிவங்களின் பின்பக்கத்தில் எழுதியிருந்தாள். நூற்றுப் பன்னிரண்டு தாள்கள். ஷோபனா ஒவ்வொன்றாக எடுத்து ஸ்கேனரில் வைத்தாள். அடித்து அடித்துத் திருத்தியிருந்தது. ஒரே வாக்கியத்தை ஐந்து விதமாக எழுதிப் பார்த்திருந்தாள் மீனம்பாள். கடைசித் தாள்களில் ஒன்றில் ஓரமாகப் பென்சிலால் எழுதியிருந்தது: 'ஷோபனா சொன்னது சரி. முடிவ மாத்தணும்.'

ஷோபனா ஸ்கேனரின் மூடியைச் சாத்திவிட்டு அதன்மேல் கையை வைத்தபடி நின்றாள்.

"இன்னாம்மா, மிஷின் சிக்கிக்கிச்சா?"

"இல்லக்கா." மூடியிலிருந்து கையை எடுத்தாள். "அந்த வரிய எழுதுனது யாருன்னு தெரிஞ்சா இன்னா கேப்பீங்க?"

மீனம்பாள் கொஞ்சம் யோசித்தாள். "எங்க படிச்சீங்கன்னு கேப்பேன். நெசமாவே அப்டி ஒரு கத இருந்தா நானும் படிக்கணும் இல்ல?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஷோபனா சொல்லவில்லை. மேல்முறையீட்டுக் கடிதத்தை அவளே தட்டச்சு செய்தாள். 'யாரோ ஒருவர் ஆதாரமில்லாமல் எழுதிய ஒரு வரியால்' என்று மீனம்பாள் சொல்லச் சொல்ல, தன் விரலால் அடித்தாள். அனுப்பியதும் மீனம்பாள் பர்ஸைத் திறந்தாள். வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுத்தபோது, "நல்ல பொண்ணும்மா நீ," என்றாள் அவள். அந்த வார்த்தை ஷோபனாவைப் பல நாள் விடவில்லை.

பதினோரு நாளில் கதை திரும்பி வந்தது. ஷோபனா தன் வரியை அழித்துவிட்டாள், 'வாசகி' கணக்கையும் மூடினாள். ஆனால் அந்த வரியைப் படமெடுத்து வைத்திருந்தவர்கள் அதைக் குழுவுக்குக் குழு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கதை வந்தும் வாசகர்கள் வரவில்லை. மீனம்பாள் புதிதாக எதுவும் ஏற்றவில்லை. ஏன் என்று போனில் கேட்டதற்கு, "விடும்மா. எனக்குத் தபால் வேலையே போதும்," என்று பேச்சை முடித்துக்கொண்டாள்.

மூன்று வாரம் ஷோபனாவால் ஓர் அத்தியாயம்கூட உருப்படியாக எழுத முடியவில்லை. எந்தப் பெண்ணைப் பேச வைத்தாலும் பொய்யாகத் தெரிந்தது. நாலாவது வாரம் கடையைப் பூட்டிவிட்டு சிங்கவரத்துக்கு ஷேர் ஆட்டோ ஏறினாள்.

தபால் நிலையம் என்பது மீனம்பாள் வீட்டின் முன்னறைதான். ஒரு மேசை, தராசு, சிவப்புப் பெட்டி. மீனம்பாள் கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த வரிய எழுதுனது நான்தான்."

முத்திரை குத்துகிற கை நின்றது. அதே நேரம் சேமிப்புப் புத்தகத்தோடு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். மீனம்பாள் அவரிடம் புத்தகத்தை வாங்கினாள், பதிந்தாள், கையெழுத்து வாங்கினாள், மகள் சுகமா என்று விசாரித்தாள். அவர் போகும்வரை ஷோபனா சுவரோரம் நின்றாள். அப்புறம் மீனம்பாள் தலையை நிமிர்த்தினாள்.

"ஏன்?"

"பொறாமைக்கா."

"எங்கிட்ட வந்து, உன் கதையப் பாத்தா பொறாமையா இருக்குதுன்னு சொல்லியிருந்தின்னா, நான் ஒரு வாரம் சந்தோஷமா இருந்திருப்பேனே." மேசையில் இருந்த கடிதங்களை ஒதுக்கி வைத்தாள். "அத்தினி பேரு நம்புனாங்களே. ஏன் நம்புனாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"எழுதும்போதே தெரியுமா?"

இல்லை என்று சொல்லத்தான் ஷோபனா ஆட்டோவில் வரும்போது தயாராகி வந்திருந்தாள். ஆனால் அந்த மேசைக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல முடியவில்லை. காலனிக்காரர்களைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் தொண்டூரில் அவள் வளர்ந்த வீட்டில் நம்புவார்கள் என்பது சின்ன வயதிலிருந்தே தெரிந்ததுதான். "தெரியும்னுதான் நெனைக்கிறேன்க்கா," என்றாள்.

மீனம்பாள் முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தினாள். "நீ போ. எனக்கு ரெண்டு மணிக்குள்ள தபால் பை கட்டணும்."

மறுநாள் ஷோபனா தன் சொந்தப் பெயரில், தன் பக்கத்திலேயே, நடந்ததை முழுதாக எழுதினாள். எதையும் மழுப்பவில்லை. வாசகர்கள் காறித் துப்புவார்கள், அதோடு தன் எழுத்து முடிந்தது என்று எதிர்பார்த்தாள். சிலர் துப்பத்தான் செய்தார்கள். ஆனால் நடந்தது வேறு. 'என்ன நேர்மை!' 'இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!' இரண்டே நாளில் அவள் அதுவரை எழுதிய எல்லாவற்றையும்விட அந்தப் பதிவை அதிகம் பேர் படித்தார்கள். புதிதாக மூவாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். செய்த பாவத்தை எழுதியதும்கூட அவளுக்கே லாபமாக வந்து சேர்ந்தது. அந்தப் பாராட்டுகளைப் படித்துவிட்டு, பதிவை முதலிலிருந்து மறுபடி படித்தாள். ஆறு வருஷமாக எந்த வித்தையைப் பழகினாளோ, அதே வித்தையைக் கை தன்னால் செய்திருக்கிறது: வாசகர் எங்கே நிற்பார், எங்கே கண் கலங்குவார் என்று பார்த்துப் பார்த்து வாக்கியங்களை அடுக்கியிருக்கிறது.

மூன்றாம் நாள் மீனம்பாளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'படிச்சேன். நல்லா எழுதியிருக்க. அதான் பயமா இருக்குது.'

ஷோபனா அந்தப் பதிவின் தலைப்பில் இருந்த தன் பெயரை எடுத்தாள். மீனம்பாளின் கதை திருட்டு அல்ல என்ற இரண்டு வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்தாள். சந்தேகம் பரவிய குழுக்கள் ஒவ்வொன்றிலும் போய் அந்த இரண்டு வரியைப் போட்டாள். சில குழுக்களிலிருந்து அவளை வெளியேற்றினார்கள். பாராட்டியவர்கள் ஏமாற்றமடைந்தார்கள். வந்த மூவாயிரத்தில் பெரும்பாலானவர்கள் போய்விட்டார்கள்.

மீனம்பாள் அடுத்த தை மாதம் மறுபடி எழுத ஆரம்பித்தாள். இந்த முறை செயலியில் இல்லை. அவளைத் தேடிக் கேட்டுக்கொண்ட நூற்றுச் சொச்சம் வாசகர்களுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை தோறும் மின்னஞ்சலில் ஓர் அத்தியாயம். அதைச் செய்து கொடுத்தது திண்டிவனத்தில் கல்லூரியில் படிக்கிற அவள் அண்ணன் மகள் அனு. ஷோபனாவுக்குச் சந்தா கேட்டு எழுதத் துணிவு வரவில்லை. ஒரு வாசகி தனக்கு வருவதை அனுப்பி வைக்கிறேன் என்றபோதும் வேண்டாம் என்றுவிட்டாள்.

போன மாதம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். ஷோபனா ஒதுங்கப் பார்த்தாள், இடமில்லை.

"சிங்கவரம் பஸ் பூட்ச்சா?" என்று கேட்டாள் மீனம்பாள்.

"இன்னும் வரலக்கா."

மீனம்பாள் தலையாட்டிவிட்டுத் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். வெயில் கொளுத்தியது. கடையில் ஆள் காத்திருப்பார்கள் என்று தெரிந்தும், பஸ் வந்து அவள் ஏறி உட்காரும்வரை ஷோபனா அங்கேயே நின்றிருந்தாள்.