வேன் விளக்குக்குள் தண்ணீர்

மழைத்தண்ணீர் விளக்குக்குள் போக வழி இருக்கிறது என்றால், வெளியே வர மட்டும் ஏன் வழி இல்லை? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. இன்று காலை பெரம்பலூரில் எங்கள் தெருமுனையில் மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுப் பின்பக்கம் பார்த்தேன். வண்டி பழுதாகி நின்றால் சேர்ந்து மின்ன வேண்டிய மஞ்சள் விளக்குகள் இரண்டிலும் ஆவி படிந்து, அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது.

"அண்ணே, லைட்டுக்குள்ள தண்ணி நிக்குதுங்களே."

"வெயில் ஏறுனா காஞ்சிரும்மா," என்றார் டிரைவர்.

ஐப்பசியில் எந்த வெயில்? கேட்டிருக்கலாமோ?

திரும்பும் வழியில் யாரோ வீடு கட்டுகிறார்கள். நனைந்த சிமெண்டு வாசனை என்னைச் சிமெண்டு ஆலைகள் சூழ்ந்த ரெட்டிபாளையத்துக்குக் கொண்டுபோய்விட்டது. கல்யாணத்துக்கு முன் அங்கே ஒரு லாரி ஆபீசில் பில் போடும் வேலை எனக்கு. (அதட்டத் தெரியாதவள் என்பதால் எனக்கு வரும் டீ எப்போதும் ஆறியிருக்கும். அது வேறு கதை.) விளக்கில் தண்ணீர் நின்றால் டிரைவர்கள் ஆணியைச் சூடாக்கி அடியில் ஓட்டை போட்டுவிடுவார்கள். வேறு ஊரில் அது சரியாக இருந்திருக்கும். எங்கள் சாலையில் தண்ணீர் இறங்கிய ஓட்டை வழியே சிமெண்டுத் தூசி ஏறும். அடுத்த மழையில் உள்ளேயே இறுகிவிடும்.

ஒரு சாயங்காலம், நல்ல மழை. டயர் வெடித்து ஜெயங்கொண்டம் சாலையில் எங்கள் லாரி ஒன்று நின்றது. டிரைவர் சுவிட்சைப் போட, டிக் டிக் என்று சத்தம் கேட்டது. பின்னால் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. ஆனால் வழக்கப்படி வேப்பங்கிளை ஒடித்துச் சாலையில் போட்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் பின்னால் வந்த டவுன் பஸ் ஒதுங்கியது.

மறுநாள் ஆபீசில், "லைட்ட நம்பியிருந்தா எனக்கு நாளைக்குப் பால் தெளிச்சிருப்பீங்க," என்றார்.

"உள்ள எறுகிக் கெடக்குற சிமெண்டுல ஒரு வூடே கட்டலாம்யா," என்றார் மேனேஜர்.

எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே பில்லைத் தப்பாக அடித்தேன்.

இதைச் சொன்னால் என் கணவர், "வேனுக்கு எஃப்.சி. சோதனையும் நீயே பாத்துடு," என்கிறார். நான்தான் அதிகம் பயப்படுகிறேனோ?

வேன் போகும் சாலை இப்போது அகலமாகிவிட்டது. ஓரத்துப் புளியும் வேம்பும் போய்விட்டன. நடுவே அரளிச் செடிகள் மட்டும். நின்ற வண்டிக்குப் பின்னால் கிளை போடுகிறவர்களையும் நான் பார்த்து நாளாகிறது. மகளோ எனக்குக் கை காட்டுவதற்காகக் கடைசி சீட்டில்தான் உட்காருவாள்.

வண்டி வைத்திருப்பவர்களே, சொல்லுங்கள். அந்தத் தண்ணீர் தானாகக் காயுமா, விளக்கையே மாற்ற வேண்டுமா? டிரைவர் மனம் நோகாமல் அதை எப்படிக் கேட்பது? அதுவரை அவளை அந்த வேனில் ஏற்றலாமா?