கைதட்டாத டீச்சர்

அக்கா மகள் யாழினியை எல்.கே.ஜி.யில் சேர்த்துவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது.

ஒரு மாதமாக முதலியார்பேட்டை பிரவுசிங் சென்டரில், கம்ப்யூட்டர் கேம் போட்டு அவளுக்கு எழுத்து கற்றுக்கொடுத்தது நான்தான். சென்டர்காரரே என்னைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார். சரியான எழுத்தை அழுத்தினால் கம்ப்யூட்டர் கைதட்டும்.

இன்று டீச்சர் மேசையில் அட்டைகளைப் பரப்பி, "அ எங்கம்மா?" என்றார்.

யாழினி சரியாகத்தான் விரல் வைத்தாள். டீச்சர் கைதட்டவில்லை. தப்பு என்று நினைத்து அடுத்த அட்டைக்குப் போனாள். அப்புறம் அதற்கும் அடுத்தது.

"எழுத்தே தெரியலையே. அடுத்த வருஷம் பாக்கலாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். "ஒரு மாசமா இன்னாடா சொல்லிக்குடுத்த?"

"மேடம், இன்னொரு தடவ கேளுங்க" என்றேன். யாழினி விரல் வைக்க வைக்க நான் கைதட்டினேன். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. என்ன விழாவோ என்று பள்ளிக்கூடமே கூடிவிட்டது.

டீச்சர் சிரித்துவிட்டு இடம் கொடுத்தார். "கிளாஸ்ல யார் சார் தட்டுறது?"

வெளியே வந்ததும் யாழினி சொன்னாள்: "மாமா, நாளைக்கும் நீ வரணும்."

உள்ளங்கை வீங்கிக் கிடக்கிறது. செவ்வாயும் வியாழனும் மட்டும் எனக்குப் பதில் யாராவது கிளாசுக்கு வந்து தட்ட முடியுமா?