என் வழிகாட்டிக்கு நான் அக்கா

நாற்பத்திரண்டு வயதில் எனக்கு 'இளநிலை ஆய்வாளர்' என்று பட்டம் கிடைத்தது. ஜொகூர் மாநிலத்துக் கூலாயில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் பல வருடமாக நோயாளிகளைப் பார்க்கிறேன், ஆனால் சொந்தமாக ஓர் ஆராய்ச்சிகூட நடத்தியதில்லை. ஆராய்ச்சிக்கு நிதி கொடுப்பவர்கள் வயதைப் பார்ப்பதில்லை, ஆராய்ச்சி அனுபவத்தைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு வருட நிதி. வாரத்தில் இரண்டரை நாள் நான் ஆராய்ச்சி செய்யலாம். அந்த நேரத்தில் என் நோயாளிகளைப் பார்க்க வேறு டாக்டருக்கு அவர்களே சம்பளம் தருவார்கள். ஆனால் எனக்கென்று ஒரு வழிகாட்டி இருக்க வேண்டும். முதல் வருட முடிவில் அந்த வழிகாட்டி எழுதும் அறிக்கையைப் பார்த்துத்தான் இரண்டாம் வருடம் உண்டா இல்லையா என்று சொல்வார்கள்.

இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், உள்ளவர்களின் பாதப் புண்ணைப் பற்றி முறையாக ஆராய்ச்சி செய்தவர் என்று எனக்குத் தெரிந்து ஒருத்திதான் இருந்தாள். ஜொகூர் பாருவில் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள், என்னைவிட ஏழு வயது சின்னவள். டாக்டர் படிப்பை முடித்த கையோடு, நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரி வார்டில் ஹவுஸ்மேனாக, அதாவது பயிற்சி டாக்டராக, வந்தவள். நோயாளியின் காலுறையைக் கழற்றாமலே 'பாதம் இயல்பு' என்று எழுதி வைத்ததற்காக, வார்டே கேட்கும்படி அவளைத் திட்டியிருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். அவள் அன்று முதல் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். அவளையே வழிகாட்டியாகப் போட்டேன். வழிகாட்டிக்கும் விண்ணப்பதாரருக்கும் என்ன பழக்கம் என்று படிவத்தில் கேட்டிருந்ததைப் படித்து இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஆராய்ச்சி எளிமையானதுதான். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் ரப்பர் பூட்ஸோடு நாளெல்லாம் நடப்பவருக்கு இனிப்புநீர் முற்றினால் பாதம் மரத்துப்போகும். புண் வந்ததே தெரியாது. தெரியவரும்போது விரலை எடுக்கும் நிலைக்கு வந்திருக்கும். நீளமான பிடி வைத்த கண்ணாடி ஒன்றைக் கொடுத்து, தினமும் உள்ளங்காலைப் பார்க்கப் பழக்கினால் புண் குறையுமா? இதுதான் கேள்வி. சேர்கிறவர் ஒட்டிய உறைகளில் ஒன்றை எடுப்பார். உள்ளே இருக்கும் சீட்டைப் பொறுத்து ஒரு பாதிப் பேருக்குக் கண்ணாடியும் பயிற்சியும். மறு பாதிப் பேருக்குக் கிளினிக்கின் வழக்கமான சிகிச்சை எல்லாம் உண்டு, கண்ணாடி மட்டும் ஒரு வருடம் கழித்து. எங்கள் ஆட்களுக்கு இது குலுக்கல் மாதிரி. "அலமாக், நமக்கு நம்பர் அடிக்கல லா" என்று அலுத்துக்கொண்டு ஒருவர் வெறுங்கையோடு எழுந்து போனார்.

நான் செய்த காரியத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் கார் நிறுத்துமிடம் வரை போவதற்குள் எனக்கு மனசு கேட்கவில்லை. மறுவாரம் மலிவுச் சாமான் கடையில் நீலப் பிடி போட்ட கண்ணாடிகள் கிடைத்தன. அவரைக் கூப்பிட்டு ஒன்றைக் கொடுத்து, பார்க்கும் விதத்தையும் சொல்லிக் கொடுத்தேன். பிறகு இன்னொருவருக்கு. இரண்டு பக்கமும் கண்ணாடி இருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது? அது தெரியாத ஆளல்ல நான். ஒன்றிரண்டு பேர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினோரு பேராகிவிட்டது.

ஆராய்ச்சி தொடங்கிய எட்டாம் மாதம் என் வழிகாட்டி கிளினிக்கைப் பார்க்க வந்தாள். கண்ணாடி இல்லாத பக்கத்தைச் சேர்ந்த ஒரு தோட்டத்து அண்ணன் பையைத் திறந்து, நீலப் பிடிக் கண்ணாடியை எடுத்து, "டெய்லி பாக்குறேன் டாக்டர்" என்று பெருமையாகக் காட்டினார். ஆராய்ச்சிக்காக நாங்கள் கொடுத்தவற்றின் பிடி வெள்ளை. அவள் என்னைப் பார்த்தாள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். போகும்போது, "எல்லாம் ஓகேதான்க்கா" என்றாள்.

முதல் வருட அறிக்கையிலும் எல்லாக் கட்டத்திலும் 'மிக நன்று' என்றே எழுதி அனுப்பினாள். நிதிக்குழு அதைத் திருப்பி அனுப்பியது. ஒரு வருடத்தில் ஒரு குறைகூடக் கண்ணில் படவில்லை என்றால் வழிகாட்டி வேலையே நடக்கவில்லை என்றுதான் கொள்ள முடியும், புது அறிக்கை வராவிட்டால் இரண்டாம் வருடம் கிடையாது என்று எழுதியிருந்தார்கள். நான் அவளுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"ஏதாவது ஒரு குறை எழுதித் தொலைச்சா என்ன?"

"நெஜமாவே எழுதட்டுமாக்கா?"

"எழுது!"

இரண்டு நாள் கழித்து அறிக்கையோடு நேரில் வந்தாள். கதவைச் சாத்திவிட்டு நீட்டினாள். ஆட்களை விசாரித்து எண்ணிய பதினோரு நீலக் கண்ணாடி, முதல் வருட ஒப்பீடு செல்லாது, நெறிமுறைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், எல்லாம் இருந்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"நான் டாக்டர். கால் போகும்னு தெரிஞ்சும் கையைக் கட்டிக்கிட்டு உக்காரச் சொல்றியா?"

"கண்ணாடி காலைக் காப்பாத்தும்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"அது தெரியாதா?"

"தெரியும்னா இந்த ஆராய்ச்சி எதுக்கு? பதினோரு கண்ணாடி வாங்கிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே. கோத்தா திங்கியில, மூவார்ல இருக்கிறவங்களுக்கு யாரு குடுப்பா? நம்மகிட்ட ஆதாரம் இருந்தாத்தானே கேக்க முடியும்?" அவள் நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்தாள். "நீங்க என்னை எல்லார் முன்னாடியும் திட்டினீங்க. நான் கதவைச் சாத்திட்டுத்தான் சொல்றேன். முன்னாடியே சொல்லாம விட்டது என் தப்பு. அதையும் எழுதியிருக்கேன்."

அவளை அடிக்கலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தைக் கேட்டுப் போட்டேன்.

நெறிமுறைக் குழு என்னை வரவழைத்து ஒரு மணி நேரம் வறுத்தெடுத்தது. அதற்குப் பிறகு இரண்டாம் வருடம் கிடைத்தது. முதல் வருடத்து ஆட்கள் ஒருவரும் கணக்கில் வரமாட்டார்கள், புது ஆட்களோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். அந்தப் பதினோரு பேரிடமிருந்து கண்ணாடியை நான் திரும்ப வாங்கவில்லை, அவளும் வாங்கச் சொல்லவில்லை.

புது ஆட்களைச் சேர்த்த முதல் நாள். செனாய்ப் பக்கம் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்யும் ஓர் அம்மா உறையை எடுத்தார். கண்ணாடி இல்லாத சீட்டு. மேசை மேல் அடுக்கியிருந்த கண்ணாடிகளையே பார்த்தார்.

"எனக்கு இல்லையா டாக்டர்?"

"இப்ப இல்லம்மா. ஒரு வருஷம் கழிச்சு உங்களுக்கும் உண்டு."

"ஏன், அது நல்லதுதானே?"

கை கண்ணாடிப் பக்கம் போகத்தான் பார்த்தது. மேசைக்கடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். இத்தனை வருடத்தில் ஒரு நோயாளியிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "தெரிஞ்சுக்கத்தான் உங்க உதவியைக் கேக்கிறேன்."

அவர் பேனாவைக் கேட்டு வாங்கி, சம்மதப் படிவத்தை முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார்.