மணலுக்குக் கீழே கிடந்த மழை

அந்தத் தண்ணீரின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. எண்ணெய் தேடிப் பாலைவனத்தில் துளைத்த கிணற்றிலிருந்து வந்த தண்ணீர். ஒரு மிடறுதான் குடித்தேன்.

நான் காத்தான்குடி. படிப்புக் குறைவு. வளைகுடாவில் எண்ணெய்க் கிணறுகளில் கேபிள் வேலை. துளைத்து முடிந்ததும் நீளமான ஒரு கருவியைக் கேபிளில் கட்டி உள்ளே இறக்குவோம். மெல்ல மேலே இழுக்கும்போது, கீழே இருக்கிற பாறையின் குணமெல்லாம் லொறிக்குள் கடதாசியில் கோடு கோடாக விழும். அதை வாசிக்கிறவர் எங்கட இஞ்சினியர் சேர். எங்கள் பக்கத்துக் கரடியனாற்று ஆள், என்னைவிட இளையவர். மற்றவர்களோடு இங்கிலீசு. என்னோடு மட்டும் ஊர்ப்பேச்சு, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

அந்தப் பக்கம் துளைத்ததெல்லாம் வெறுங்கிணறு. இதுதான் கடைசி. எண்ணெய் இல்லையென்றால் முகாமை மூடி எல்லாரையும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மகளுக்குக் கொடுக்கிற வீடு அப்போது சுவரோடு நின்றது. எங்கள் ஊரில் வீடு இல்லாமல் பெண்ணுக்குக் கலியாணம் இல்லை. கூரைக்குக் கொங்கிறீட் போடும் மட்டும் நான் அங்கே நிற்க வேணும்.

அன்று பின்னேரம் கருவி மேலே வரவர, ஒரு கோடு வலப்பக்கம் பாய்ந்தது. உப்புத் தண்ணீருக்குள்ளால் கரண்ட் லேசாகப் போகும், எண்ணெய்க்குள்ளால் போகாது. போகாத இடத்தில் கோடு வலப்பக்கம் ஓடும். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற ஏறாவூர்த் தம்பி ஓடிவந்து எட்டிப் பார்த்தான்.

"காக்கா, உங்கட மகள்ற கூரை வந்திட்டு!" என்றான். போய் முகாமில் கட்டியிருந்த ஆட்டை அறுத்தும்விட்டான்.

சேர் சிரிக்கவில்லை. பக்கத்துக் கோட்டில் விரலை வைத்திருந்தார்.

"எண்ணெயெண்டா இது போக வேண்டியதுக்கு மற்றப் பக்கம் போகுது காக்கா. ரெண்டும் சண்டை பிடிக்குது. கீழ இருக்கிறதக் கொஞ்சம் எடுத்துப் பாப்பம்."

"ஏன் சேர் கிண்டுறீங்க? எண்ணெய் எண்டு எழுதி விடுங்களன்."

"நான் எழுதினா அது எண்ணெயாகிடுமா? என்ட வேலயும்தான் போகப் போகுது."

மாதிரி எடுக்கிற கருவியை இறக்கி ஏற்றினோம். திறந்தால் கறுப்பு ஒரு சொட்டும் இல்லை. தெளிந்த தண்ணீர். சேர் சோதித்துப் பார்த்துவிட்டுக் கோப்பையில் ஊற்றி நீட்டினார். உப்பே இல்லை. நல்ல தண்ணீரும் எண்ணெயைப்போலக் கரண்டை விடாதாம். வாவிக்கரையில் உவர்க்கிணறு குடித்து வளர்ந்த எனக்கு அந்த ருசி புதினம்.

"பழைய மழை காக்கா," என்றார் சேர். "இந்த இடம் பச்சையா இருந்த காலத்தில பெய்தது."

வெளியே பார்த்தேன். வெறும் மணல். அதன்மேல் மழை பெய்வதுபோல் இருந்தது. புல் தெரிந்தது, குளம் தெரிந்தது, குளத்தில் மாடுகள் இறங்கித் தண்ணீர் குடித்தன. வேலை போன நினைப்பே வரவில்லை.

இரவு ஆட்டுக்கறியைச் சுற்றி இருந்து சாப்பிட்டோம். "தண்ணிக்கு அறுத்த ஆடு," என்று தம்பி முணுமுணுத்தான். சேருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

முகாமை மூடினார்கள். ஊருக்கு வந்து வீட்டுக் கூரைக்குத் தகரம்தான் போட்டேன். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். கலியாணம் நடந்தது.

இப்போது மாரி. மகள் வீட்டில் இருக்கிறேன். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் பேச்சு விளங்காது. கோடையில் உவர்க்கிற கிணறு நிரம்பிக் கிடக்கிறது. வாளியில் அள்ளி ஒரு மிடறு குடித்தேன். அந்த ருசி இல்லை. கிட்ட வருகிறது. மிச்சத்தை மணலில் ஊற்றினேன். கீழே போகட்டும்.