மதகுப் பலகையை அறுத்த அன்னிக்கு

ரம்பம் உள்ள இறங்கினதும் மரவாசனை வரல. ஏரிச் சேத்து வாசனைதான் குப்புன்னு வந்துச்சு...

வருஷம் எழுபத்தி மூணோ நாலோ. சேலையூர்ல ஒரு ஓலைக் கொட்டகைதான் என் ஒர்க்‌ஷாப். மேஜை, நாற்காலி செய்வேன், நடுநடுவுல சிலையும் செதுக்குவேன். வெயில்லயும் மழையிலயும் அடிபட்ட மரம்னா எனக்கு உசுரு. "விறகுக் கடையா வெச்சிருக்கே?"ன்னு ஃப்ரெண்ட்ஸ் ஓட்டுவாங்க.

அந்த வருஷம் ஏரி மதகுக்கு இரும்பு ஷட்டர் போட்டாங்க. பழைய பலகை கரையில சும்மா கிடந்துச்சு. தண்ணி வருஷக்கணக்கா அரிச்சு, வரிவரியா பள்ளம்... எந்த உளியாலயும் அப்படி முடியாது. யாரையும் கேக்கல. மாட்டு வண்டியில ஏத்திட்டு வந்துட்டேன். மெட்ராஸ்ல என் முதல் எக்ஸிபிஷனுக்கு எட்டே நாள். அந்தப் பலகையில ஒரு சிலை, மனசுல முழுசா ரெடி. அடியில ஒரு முழம் அறுத்துத் தள்ளினேன்.

சாயங்காலம் வாசல்ல பத்துப் பேர். முன்னால கொட்டகை ஓனர் முனுசாமி அண்ணன். தினம் என்கூட டீ குடிக்கிற மனுஷன், அன்னிக்கு என் முகத்தைக்கூடப் பாக்கல.

"சார், மதகுப் பலகை எங்க கீது?"

ஏரி ரொம்பும்போதெல்லாம் அதுக்கு மஞ்சள் பூசி, கற்பூரம் காட்டுவாங்களாம். சத்தியமா எனக்குத் தெரியாது. மழை வேற அந்த வருஷம் ஏமாத்திட்டு இருந்துச்சு. பின்னாலேருந்து ஒருத்தன் கத்தினான்: "அத்த எட்த்துகினு வந்துட்டா ஏரி எப்டி ரொம்பும்?"

'கரையில சும்மா கிடந்ததுதானே'ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

முனுசாமி அண்ணன் பலகையைத் தடவினார். பள்ளத்துக்குள்ள மஞ்சள் அப்படியே இருந்துச்சு. நான் அதை ஏதோ கறைன்னு நினைச்சிருந்தேன். அப்புறம் அடிப்பக்கம் குனிஞ்சார்.

"ஒரு மொழம் கொறையுதே."

பெஞ்சுக்கு அடியிலேருந்து அறுத்த துண்டை எடுத்து நீட்டினேன்.

"எழைப்புளி வெச்சு சீவினியா?" 'சார்' காணாமப் போயிடுச்சு.

"இல்லண்ணா. தண்ணி செஞ்ச வேலை, அது மேல நான் கையே வெக்கல."

அண்ணன் துண்டைப் பலகையோட அடியில பொருத்திப் பாத்தார்.

"அப்ப சேத்துக் குடு. நாங்க நின்னுகினு கீறோம்."

நின்னாங்க, பத்துப் பேரும், என்னைச் சுத்தி. உள்ளுக்குள்ள மர ஆணி கொடுத்துச் சேத்தேன். வாழ்க்கையிலயே அவ்வளவு பயந்து ஒரு மூட்டு போட்டதில்ல. அண்ணன் நகத்தால சேத்த இடத்தைத் தேடினார். நகம் எங்கயும் மாட்டல.

"தூக்குங்கடா."

பலகை தோள்ல ஏறி ஏரிக்கரைக்கே போயிடுச்சு. எக்ஸிபிஷனுக்கு அனுப்ப என்கிட்ட வேற ஒண்ணும் ரெடியா இல்ல. ஒரு வாரம் அவங்களை மனசுக்குள்ளயே திட்டிட்டு இருந்தேன்.

இப்ப கஸ்டமர்ஸ் எல்லாம் நாவலூர் ஃப்ளாட்டுலேருந்து வர்றாங்க. "ஓல்டு லுக் வேணும் சார்." மரத்துக்குப் பஞ்சமே இல்ல. இடிக்கிற வீடுங்கள்லேருந்து கதவு, நிலை, உத்தரம்னு லாரியில வந்து இறங்குது. சில நிலையில, பசங்க உயரம் பாத்து அப்பா போட்ட பென்சில் கோடுகூட அழியாம இருக்கு...

எத்தனையோ அறுத்துட்டேன். 'இது எங்களுது'ன்னு சண்டைக்கு ஒருத்தரும் வந்ததில்ல.